ஏழாம் நம்பர் மட்டை எத்தனை டிகிரி?

என் அலமாரியில் கோல்ஃப் பற்றி இரண்டே புத்தகங்கள். ஒன்று, அலஸ்டர் காக்ரனும் ஜான் ஸ்டாப்ஸும் 1968-ல் எழுதிய ‘தி சர்ச் ஃபார் தி பெர்ஃபெக்ட் ஸ்விங்’. மற்றது டாம் விஷன், டாம் கிரண்ட்னருடன் சேர்ந்து 2005-ல் எழுதிய ‘தி சர்ச் ஃபார் தி பெர்ஃபெக்ட் கோல்ஃப் கிளப்’. முதல் புத்தகம் சரியான வீச்சைத் தேடுகிறது, இரண்டாவது சரியான மட்டையைத் தேடுகிறது. இரண்டையும் நான் படித்தது ஒரே கேள்விக்காக: புதிதாக ஆடக் கற்றுக்கொள்ளும் ஒருவருக்குக் குறைந்த செலவில் என்ன மட்டை வாங்கலாம்?

கேள்வி வந்தது என் மகளிடமிருந்து. ஒன்பதாம் வகுப்பு. இங்கே நியூ ஜெர்சியில் வசந்த காலத்தில்தான் பள்ளி கோல்ஃப் சீசன். அணித் தேர்வுக்குப் போகணும்னு சொன்னாள். எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு கராத்தே உடையும் ஒரு கிளாரினெட்டும் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பதால் 300 டாலருக்கு மேல் ஒரு காசு கிடையாது என்று நிதியமைச்சர் (என் மனைவி) அறிவித்துவிட்டார். பெரிய கம்பெனிகளின் புது டிரைவர், அதாவது ஒரே ஒரு மட்டை, 600 டாலருக்குப் பக்கம் விற்கிறது. ஆக 300 டாலர் என்பது கோல்ஃப் கடைக்காரர் முகம் சுளிக்கிற தொகைதான். ஆனால் போதும். ஏன் போதும் என்பதற்கான காரணம் இந்த இரண்டு புத்தகங்களிலும் பாதிப் பாதியாகக் கிடக்கிறது, இரண்டும் அதை முழுசாகச் சொல்லவில்லை என்பதுதான் என் விமர்சனம்.

கோல்ஃப் தெரியாதவர்களுக்கு ஒரு பத்தி. ஒருவர் பையில் அதிகபட்சம் 14 மட்டைகள் வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் 1938-லும் பிரிட்டனில் 1939-லும் வந்த விதி இது. அதற்கு முன் இருபதுக்கு மேல் சுமந்தவர்கள் உண்டு (சுமந்தது கேடி என்பது வேறு விஷயம்). தூரமாக அடிக்க டிரைவரும் வுட்களும், நடுத்தர தூரத்துக்கு எண் போட்ட அயர்ன்கள், பக்கத்திலிருந்து தூக்கிப் போட வெட்ஜ், கடைசியில் குழிக்குள் உருட்ட பட்டர். ஸ்ரீரங்கத்து பட்டர் இல்லை. மட்டையின் முகம் செங்குத்திலிருந்து எவ்வளவு பின்னால் சாய்ந்திருக்கிறது என்பதுதான் லாஃப்ட் கோணம். கோணம் கூடினால் பந்து உயரப் போகும், குறைவான தூரத்தில் இறங்கும். எண் ஏற ஏறக் கோணமும் ஏறும், நீளம் குறையும். அவ்வளவுதான்.

இப்போது தலைப்பில் உள்ள கேள்விக்கு வருகிறேன். ஏழாம் நம்பர் அயர்ன் எத்தனை டிகிரி?

விடை: எந்த வருஷத்து ஏழு என்பதைப் பொறுத்தது. 1970 வாக்கில் செய்த செட்களில் ஏறத்தாழ 38 டிகிரி. தொண்ணூறுகளில் 35, 36. இன்று ‘கேம் இம்ப்ரூவ்மென்ட்’ என்ற பெயரில், புதியவர்களுக்கென்றே விற்கும் செட்களில் 28 முதல் 30. தொழில்முறை ஆட்டக்காரர்கள் பயன்படுத்தும் மெல்லிய பிளேடுகளில் இன்றும் 34 பக்கம். அதாவது இன்றைய புதியவரின் ஏழு, அவருடைய தாத்தா காலத்து ஐந்து. நீளமும் அரை அங்குலம் போலக் கூடியிருக்கிறது. விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். மட்டையின் நீளத்துக்கு வரம்பு உண்டு, தலையின் பருமனுக்கு வரம்பு உண்டு, முகத்தில் உள்ள கீறல்களுக்குக்கூட மில்லிமீட்டர் கணக்கில் வரம்பு உண்டு. ஏழு என்று பொறித்தால் இத்தனை டிகிரி இருக்கணும் என்று எங்கேயும் கிடையாது. 

ஒரு காலத்தில் எண்ணே கிடையாது, மாஷி, நிப்லிக், ஸ்பூன் என்று ஸ்காட்லாந்துப் பெயர்கள்தான். 1920-30களில் இரும்புத் தண்டு வந்து, செட் செட்டாகச் செய்து விற்க ஆரம்பித்தபோதுதான் எண்கள் நிலைத்தன. அளவு மாதிரி தோற்றமளித்தாலும் அந்த எண்கள் ஒரு செட்டுக்குள் இருக்கிற வரிசை எண்கள் மட்டுமே. பேன்ட் இடுப்பளவு மாதிரி என்று எழுத நினைத்தேன், அதில்கூட 34 என்றால் அங்குலத்தோடு ஏதோ ஒரு சொந்தம் இருக்கிறது. இது தியேட்டர் ஸீட் நம்பர்.

கோணம் ஏன் குறைந்துகொண்டே வந்தது? விஷன் இதற்கு வைத்திருக்கும் பெயர் ‘வானிஷிங் லாஃப்ட் டிஸீஸ்’. கோணம் தேய்கிற நோய். கடையில் வாடிக்கையாளர் தன் பழைய ஏழையும் புது ஏழையும் மாற்றி மாற்றி அடித்துப் பார்க்கிறார். புது ஏழு 15 யார்டு கூடப் போகிறது. வாங்கிவிடுகிறார். அவர் அடித்தது ஐந்தாம் நம்பர் என்பது அவருக்குத் தெரியாது. போட்டிக் கம்பெனி அடுத்த வருஷம் இன்னும் ஒரு டிகிரி குறைக்கிறது. புத்தகத்தின் ஆகச் சிறந்த பகுதி இதுதான். விஷன் பல வருஷம் மட்டை வடிவமைத்தவர், தொழிலின் உள்ளே இருந்துகொண்டே இதை எழுதியிருக்கிறார்.

கம்பெனிகள் சொல்லும் சமாதானத்தையும் சொல்லிவிடணும், இல்லையென்றால் அநியாயம். இன்றைய தலைகளில் எடையைக் கீழேயும் பின்னாலும் தள்ளிவிட்டார்கள், முகத்தை மெல்லியதாக்கிவிட்டார்கள். அதனால் அதே கோணத்தில் பந்து முன்பைவிட உயரமாகக் கிளம்புகிறது. அந்த உயரத்தைச் சமன்படுத்தவே கோணத்தைக் குறைத்தோம் என்கிறார்கள். பாதி உண்மை. கிளம்பும் உயரம் சமமாகலாம், ஆனால் கோணம் குறைந்தால் பந்தின் பின்சுழற்சியும் குறையும். வேகமாக வீசுகிறவருக்கு அது கவலையில்லை. மெதுவாக வீசுகிறவருக்கு, அதாவது இந்த செட் யாருக்காக என்று அட்டைப்பெட்டியில் போட்டிருக்கிறதோ அவருக்கு, பந்து காற்றில் நிற்க அந்தச் சுழற்சிதான் துணை. விஷன் இதற்கு ஒரு கைக்கணக்கு தருகிறார்: 24-க்கு 38. கோணம் 24 டிகிரிக்குக் கீழோ, நீளம் 38 அங்குலத்துக்கு மேலோ போனால் சாதாரண ஆட்டக்காரரால் அந்த அயர்னை ஒழுங்காக அடிக்க முடியாது. ஒரு காலத்தில் இந்த வரம்பைத் தாண்டியவை ஒன்று, இரண்டு, மூன்றாம் நம்பர்கள். இன்றைய செட்டில் ஏழு 28 என்றால் ஐந்து 22-க்கு வந்துவிடும். புதியவருக்கான பெட்டியிலேயே அவரால் அடிக்க முடியாத மட்டை ஒன்று, காசு வாங்கிக்கொண்டு வைக்கப்பட்டிருக்கிறது.

அது மட்டுமா. மேல் பக்கம் கோணம் தேய்ந்ததால் கீழ்ப் பக்கம் ஓட்டை விழுகிறது. பிட்சிங் வெட்ஜ் முன்பு 48-50 டிகிரி, இப்போது 43-44. சாண்ட் வெட்ஜ் மட்டும் 54-56-ல் அப்படியே நிற்கிறது, ஏனென்றால் மணலிலிருந்து பந்தைக் கிளப்ப அந்தக் கோணம் வேணும், விளம்பரத்துக்காக அதைக் குறைக்க முடியாது. நடுவில் 12 டிகிரி இடைவெளி. அதை அடைக்க ‘கேப் வெட்ஜ்’ என்று இன்னொரு மட்டை, தனி விலை. சாஃப்ட்வேர்க்காரனுக்கு இது பழக்கமான வாசனை. ஒரு வெர்ஷனில் பக்-ஐ உருவாக்கி அடுத்த வெர்ஷனில் அதற்கான திருத்தத்தைத் தனி லைசென்ஸில் விற்பது.

இத்தனை சொன்ன விஷன், தீர்வு என்று வரும்போது என்னைக் கைவிட்டுவிடுகிறார். உள்ளூரில் மட்டை கட்டித் தருகிற நல்ல கைவினைஞரைத் தேடிப் போங்கள், உங்கள் வீச்சை அளந்து நீளம், எடை, தண்டு, பிடி எல்லாவற்றையும் பொருத்திக்கொள்ளுங்கள் என்கிறார். ‘நான் இன்னும் அந்த அளவுக்கு ஆடவில்லையே’ என்று தயங்குகிறவர்களுக்கும் இதையே வலியுறுத்துகிறார். அவருடைய தொழிலே அத்தகைய கைவினைஞர்களுக்கு உதிரித் தலைகள் வடிவமைத்துத் தருவது என்பதை வாசகர் மனதில் வைத்துக்கொள்வது நல்லது. நேர்மையில் எனக்குச் சந்தேகமில்லை, தர்க்கத்தில்தான் சந்தேகம்.

மகளைப் பயிற்சி மைதானத்துக்குக் கூட்டிப்போய் இரவல் ஏழாம் நம்பரால் 20 பந்து அடிக்க வைத்தேன். ஒன்று 110 யார்டு போல அழகாகப் போனது. சில 60-ல் செத்தன. மூன்று தரையில் உருண்டன. ஒன்று பக்கத்துத் தடுப்பில் இருந்த பெரியவரை எட்டிப் பார்க்க வைத்தது. இந்த வீச்சில் எதை அளப்பது? அளக்கலாம், சராசரியும் வரும். ஆனால் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் இருக்கும் சிதறல், இரண்டு தண்டுகளுக்கு இடையே இருக்கும் வித்தியாசத்தைவிடப் பல மடங்கு பெரிசு. அந்த நிலையில் ‘உனக்கு இந்தத் தண்டுதான் பொருத்தம்’ என்பது இரைச்சலுக்கு வளைகோடு வரைகிற வேலை. மூன்று மாதம் பயிற்சி எடுத்தால் வீச்சே மாறிவிடும், பொருத்தம் எதற்குப் பொருந்தியதோ அது இருக்காது. மாறாத விஷயங்கள் ஒன்றிரண்டுதான்: உயரம், கை நீளம். அதற்கு மணிக்கட்டிலிருந்து தரை வரை டேப் பிடித்தால் போதும். பிங் போன்ற கம்பெனிகளின் அட்டவணையில் நீளமும், தலை தரையில் பதியும் லை கோணமும் கிடைக்கும்.

சொல்லப்போனால் என் பக்கத்துக்குச் சாட்சி சொல்வது 1968-ஆம் வருஷத்துப் புத்தகம். பிரிட்டனின் கோல்ஃப் சொசைட்டி ஏற்பாடு செய்த அறிவியல் ஆய்வின் தொகுப்பு அது. காக்ரன் இயற்பியல்காரர். இன்று யூட்யூபில் வீச்சு பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும், தெரிந்தோ தெரியாமலோ, அதில் உள்ள இரட்டை ஊசல் மாதிரியின் பேரப்பிள்ளைகள். எனக்குப் பிடித்தது வேறு பகுதி. பந்தும் மட்டையும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஏறத்தாழ அரை மில்லிசெகண்ட். அதற்குள் கையிலிருந்து எந்தச் செய்தியும் தண்டு வழியாகத் தலைக்கு வந்து சேராது. அந்தக் கணத்தில் தலை, தண்டே இல்லாமல் பறந்து வந்து மோதும் ஒரு இரும்புத் துண்டு மாதிரிதான் நடந்துகொள்கிறது. இதைச் சோதிக்கத் தலைக்குச் சற்று மேலே கீல் வைத்த மட்டை ஒன்று செய்து அடித்துப் பார்த்திருக்கிறார்கள். கதவுக்கு வைப்போமே, அந்தக் கீல். பந்து கிட்டத்தட்ட வழக்கமான தூரமே போயிருக்கிறது.

இதை வைத்து ‘தண்டு எதுவானாலும் ஒன்றுதான்’ என்று சிலர் வாதிடுவதைப் பார்த்திருக்கிறேன். புத்தகம் அப்படிச் சொல்லவில்லை. மோதும் கணத்தைப் பற்றி மட்டுமே அது சொல்கிறது. அந்தக் கணத்துக்கு முன் தலையை எங்கே, எந்தக் கோணத்தில், என்ன வேகத்தில் கொண்டுவந்து சேர்க்கிறோம் என்பதில் தண்டின் எடைக்கும் நீளத்துக்கும் பெரிய பங்கு உண்டு, வளைவுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. ஆனால் கடையில் எதைக் காட்டி விலையை ஏற்றுகிறார்கள்? தண்டில் அச்சடித்த எழுத்தை. எல், ஏ, ஆர், எஸ், எக்ஸ். விறைப்பின் தரம். இதற்கும் தொழிலில் பொதுத் தரநிலை எதுவும் கிடையாது. ஒருவரின் ஆர், இன்னொருவரின் எஸ்ஸைவிட விறைப்பாக இருக்கலாம். விஷன் நூற்றுக்கணக்கான தண்டுகளை அளந்து இதைக் காட்டியவர். எண்ணும் அலகு இல்லை, எழுத்தும் அலகு இல்லை.

‘லேடீஸ்’ என்ற சொல் இதைவிட மோசம். சராசரிப் பெண் என்று யாரையோ கற்பனை செய்து ஒரு அங்குலம் குட்டையாக்கி, இருப்பதிலேயே வளைகிற தண்டைப் போட்டு, பையை ஊதா நிறத்தில் அடித்தால் லேடீஸ் செட். என் மகள் என்னைவிட ஒரு அங்குலம்தான் குட்டை. ‘அப்பா, இது கலருக்குக் கூடுதல் காசா?’ என்று கடையிலேயே கேட்டுவிட்டாள். விற்பனைப் பையன் சிரித்தான். அவளுக்குத் தேவை லேசான தண்டு. அதைக் கிராமில் கேட்டு வாங்கலாம். இரும்புத் தண்டு 95-லிருந்து 130 கிராம் வரை, கிராஃபைட் 50-லிருந்து 70 போல. ஆண்கள் பகுதியில் ‘சீனியர்’ என்று ஒட்டி வைத்திருக்கும் பழைய கிராஃபைட் செட் அவளுக்கு அப்படியே பொருந்தியது. சீனியர் என்ற சொல்லை விரும்பி வாங்குகிற சீனியர் குறைவு, அதனால் விலையும் குறைவு.

1968 புத்தகத்தின் குறை என்னவென்றால், அதில் அலசப்படுவது பெரும்பாலும் தேர்ந்த ஆட்டக்காரர்களின் வீச்சு. சொதப்புகிறவர்களின் சொதப்பல் எப்படி இருக்கும், அதை மட்டை எவ்வளவு மன்னிக்கும் என்ற கேள்வி அதில் முழுசாக எழவில்லை. அந்தக் கேள்விக்கு விடை ஏற்கெனவே ஒரு கார் ஷெட்டில் உருவாகிக்கொண்டிருந்தது. நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் பொறியாளராக இருந்த கார்ஸ்டன் சோல்ஹைம், தன் பட் சரியாக விழவில்லை என்ற எரிச்சலில் 1959-ல் சொந்தமாக ஒரு பட்டர் செய்தார். தலையின் எடையை நடுவில் குவிக்காமல் இரு முனைகளுக்கும் தள்ளினார். நடுவிலிருந்து விலகிப் பந்து பட்டாலும் தலை திரும்பாது, சுழற்சி நிலைமத்தின் எளிய பாடம். பந்தைத் தொட்டபோது எழுந்த ஓசைதான் பிங் என்ற பெயர். பிறகு அதே யோசனையை அயர்னுக்குக் கொண்டுபோனார், 1982-ல் ஐ-2 வந்தது. விளிம்பில் எடை வைப்பது இன்று ஆக மலிவான பெட்டி செட்டில்கூட இருக்கிறது. புதியவருக்கு உண்மையிலேயே உதவிய கண்டுபிடிப்பு என்று ஒன்றைச் சொல்லணும்னா இதைத்தான் சொல்வேன். இதற்கு இன்று யாரும் தனி விலை கேட்க முடியாது.

டிரைவர் கதையும் இதே மாதிரிதான், அங்கே விதியே நமக்கு உதவுகிறது. முகம் ஸ்பிரிங் மாதிரி வேலை செய்வதற்கு 1998-ல் அமெரிக்க கோல்ஃப் சங்கம் உச்சவரம்பு போட்டது. 2004-ல் தலையின் கொள்ளளவு 460 கன சென்டிமீட்டருக்கு மேல் கூடாது என்றார்கள். சுழற்சி நிலைமத்துக்கும் வரம்பு வந்தது. எல்லாக் கம்பெனியும் சீக்கிரமே அந்தக் கூரையில் முட்டிவிட்டன. அதனால் 12 வருஷப் பழைய டிரைவருக்கும் புதியதற்கும் இடையே புதியவரால் உணரக்கூடிய வித்தியாசம் சொற்பம், விலையில் 500 டாலர் வித்தியாசம். நீளத்தை மட்டும் கவனிக்கணும். எழுபதுகளில் 43 அங்குலமாக இருந்த டிரைவர் இப்போது கடையில் 45½, 46. நீளம் கூடினால் வேகம் கூடும், நடுவில் படும் வாய்ப்பு குறையும். ஒரு அங்குலம் கீழே இறக்கிப் பிடித்துக்கொள்ளச் சொல்வது இலவசம்.

சரி, எத்தனை மட்டை வேண்டும்? 14 என்பது உச்சவரம்பு, கட்டாயம் இல்லை. செட்டில் அடுத்தடுத்த அயர்ன்களுக்கு நடுவில் 4 டிகிரி இடைவெளி, நன்றாக ஆடுகிறவருக்கு 10 யார்டு படி. சிதறலே 50 யார்டு இருக்கும்போது 10 யார்டு படி எதற்கு? அளவீட்டுக் கருவியில் இரைச்சல் மட்டத்துக்குக் கீழே கூடுதல் பிட் வாங்குகிற கதை. 8 டிகிரிக்கு ஒன்று போதும். எண்ணைப் பார்க்காமல் கோணத்தை மட்டும் பார்த்தால் 24-25-ல் ஒரு ஹைபிரிட், பிறகு 32, 40, 48 பக்கம் மூன்று அயர்ன்கள், 55-ல் ஒரு சாண்ட் வெட்ஜ், ஒரு பட்டர், ஒரு டிரைவர். ஏழு மட்டை. பழைய மாடல்களின் கோணப் பட்டியலைக் கம்பெனிகளே இணையத்தில் வைத்திருக்கின்றன. இல்லாதவற்றை மேஜையில் நிறுத்தி ஃபோனில் உள்ள சாய்வுமானியால் அளக்கலாம், ஒன்றிரண்டு டிகிரி பிசகும், பரவாயில்லை.

பழையது வாங்கும்போது பார்க்க வேண்டியது பிடிதான். ரப்பர் காய்ந்து பளபளவென்று வழுக்கினால் மாற்றணும், ஒன்றுக்குக் கூலியோடு 10 டாலர் ஆகும். ஏழு மட்டைக்கு அதுவே 70. பேரம் பேசும்போது இதைச் சேர்த்துக் கணக்குப் போடணும். கிராஃபைட் தண்டில் தலைக்கு மேலே விரலை ஓட்டி வெடிப்பு இருக்கிறதா பாருங்கள், தலையைப் பிடித்துத் திருகிப் பாருங்கள், ஆடக் கூடாது. பிங் அயர்ன் என்றால் தலையில் ஒரு வண்ணப் புள்ளி இருக்கும், லை கோணத்தின் குறி, கறுப்பு என்றால் இயல்பு அளவு. இந்த ஆண்டு மாடல் பாதி விலைக்கு, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இணையத்தில் கிடைத்தால் அது போலி என்றே வைத்துக்கொள்ளுங்கள். முகம் தேய்ந்திருப்பதைப் பற்றி அலட்டிக்கொள்ள வேண்டாம், அந்தச் சுழற்சியை உணர இன்னும் சில வருஷம் ஆகும்.

பெட்டியோடு வரும் புது செட்கள் மோசமா என்றால் இல்லை. அவசரம் என்றால் வாங்கலாம். ஆனால் ஐந்தாம் நம்பரையும், பிட்சிங் வெட்ஜின் கோணத்தையும் கேட்டுவிட்டு வாங்குங்கள். எங்கள் பகுதிக் கடைகளில் நான் கேட்ட மூன்று இடத்திலும் விற்பனையாளருக்குக் கோணம் தெரியவில்லை, தூரம் தெரிந்திருந்தது.

எங்கள் கணக்கு: சீனியர் செட்டிலிருந்து நான்கு அயர்ன், ஹைபிரிட், டிரைவர் எல்லாம் சேர்த்து 190. தானக் கடையில் பட்டர் 6 டாலர். புதுப் பிடிகள் 50, இரண்டு மட்டைகளுக்கு மாற்றத் தேவைப்படவில்லை. மிச்சம் 54 டாலர். அதில் ஒரு வகுப்புக்குக்கூட முழுசாக வராது, ஆனால் நிதியமைச்சர் மீதியைப் போட ஒப்புக்கொண்டிருக்கிறார். மகள் அயர்ன்களின் அடியில் இருந்த எண்களின் மேல் டேப் ஒட்டி, மார்க்கரில் 32, 40, 48, 55 என்று எழுதி வைத்திருக்கிறாள். பயிற்சியாளர் ‘எட்டாம் நம்பரை எடு’ என்றால் எதை எடுப்பது என்று இப்போது கேட்கிறாள்.